மொட்டைப் பெட்டிசத்தில் பதினொரு வசனம்

அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுகிற என் பெரியம்மா மகள் கைறுன்னிஸாவை மாத்தளையில் பலர் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். கட்டிய புருஷனைச் சபையில் நிறுத்தி மானத்தை வாங்கினாள், பெற்ற வாப்பாவை நான்கு வருடம் தவிக்கவிட்டாள் என்று அவள்மேல் இரண்டு குற்றம். இரண்டும் உண்மை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், கடைசியில் கொஞ்சம் கையும் கொடுத்தவள். அவளுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், ஏசுகிறவர்கள் பிறகு என்னையும் சேர்த்து ஏசட்டும்.

அவள் வாப்பா, என் பெரியவாப்பா மீராசாஹிபுக்குத் திருகோணமலை வீதியில் மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற கடை. இரத்தோட்டையிலிருந்து வருகிற மிளகு மூட்டைக்குள் கையை விட்டாலே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். சிங்களத்தில் எவரோடும் வாதாடி வெல்வார். இங்கிலீஷில் மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது. அரசாங்கக் கந்தோரிலிருந்து இங்கிலீஷ் கடிதம் வந்தால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உறையைத் தொடுவார், அவ்வளவு மரியாதை. பெரியம்மா மௌத்தானபோது ராத்தாவுக்கு ஏழு வயது. பெரியவாப்பா இன்னொரு கல்யாணம் முடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசியும் கேட்காமல், ராத்தாவைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கவைத்தார். அவர் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை.

ராத்தா தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, 1957 ஜனவரியில் இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சராக நியமனம் பெற்றாள். எங்கள் சொந்தத்தில் வேலைக்குப் போகிற முதல் பெண் அவள்தான். நியமனக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். அத்தனை பெரிய அதிகாரி, கடைசியில் 'உங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று கையெழுத்து வைத்திருந்ததைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இது வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பேச்சு ஹமீமா. அவங்க எதையும் நேரா சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வேலையில் சேர ஒரு கிழமை இருக்கும்போது பெட்டிசம், மேலிடத்துக்கு எழுதுகிற புகார் மனு, வந்தது. எங்கள் ஊரில் ஒருவன் வேலியைத் தள்ளிப் போட்டாலும் பெட்டிசம், வேலை கிடைத்தாலும் பெட்டிசம். பெயரும் கையெழுத்தும் இல்லாவிட்டால் அது மொட்டைப் பெட்டிசம். அடியில் யார் யாருக்கு நகல் என்று ஒரு வரிசை இருக்கும். விஷம் இருப்பது அந்த வரிசையில்தான். இது கல்விக் கந்தோருக்கு எழுதியது. நகல் போனது பள்ளிக்கூடத்துப் பெரிய மாஸ்டருக்கு, பள்ளிவாசல் டிரஸ்டிக்கு, ராத்தாவின் வாப்பாவுக்கு. ஒரே பக்கம், டைப் அடித்தது, முழுக்க இங்கிலீஷ்.

அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது, மற்றவளுக்குப் படிப்பே அதுதான். மகளைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டிருக்கலாம். பெரியவாப்பா கேட்கவில்லை. கடிதத்தை மடியில் சொருகிக்கொண்டு, பிரக்கிராசி வக்கீல் ஒருவரின் கந்தோரில் கிளார்க்காக இருந்த தன் தங்கை மகன் ரவூபைத் தேடிப் போனார். ரவூப் வாசித்தானாம், முகம் கறுத்ததாம், கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தானாம்.

"மாமா, இத தமிழ்ல சொல்ல என்ட வாய் வராது."

"ஆம்பிள யாரிட பேராவது இருக்கா?"

ரவூப் தலையைக் குனிந்துகொண்டானாம். இதைப் பெரியவாப்பாவே பிற்பாடு என் உம்மாவிடம் சொல்லி அழுதார்.

அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ராத்தாவின் கையிலும் ஒரு நகல் இருந்தது. பெரிய மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "இப்படி எத்தனையோ பாத்துட்டோம் மகள், நீ முதலாந் தேதி வந்து வேலையப் பாரு" என்று சொல்லிக் கொடுத்த நகல். அவள் சிரித்துக்கொண்டேதான் வாப்பாவிடம் போனாள்.

"வாப்பா, இருங்க. நான் ஒவ்வொரு வசனமா தமிழ்ல வாசிச்சுக் காட்டுறேன்."

"நீ வாசிச்சா ஒனக்கு ஏத்த மாதிரித்தானே வாசிப்பாய்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை, அடிக்கவில்லை. ராத்தாவின் முகத்தை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. மறுநாள் ரவூப் ஒரு கடிதம் டைப் அடித்து வந்தான். 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' நியமனத்தை ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. இதுவும் வெள்ளைக்காரன் விட்டுப்போன பேச்சுத்தான். ராத்தா கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து ரவூபின் உம்மா ஸைனம்பு மாமி பெண் கேட்டு வந்தார். முந்தின வருடமும் வந்தவர்தான். அப்போது பெரியவாப்பா, பிள்ளை கொஞ்ச நாள் வேலைக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெயர் கெட்டுப்போன பெண்ணை எடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று ஊர் ரவூபைத் தலையில் தூக்கி வைத்தது. கல்யாணச் சாப்பாட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது வருடம் அவனோடு வாழ்ந்தாள். அடிக்கிறவனில்லை. ஏதாவது வாக்குவாதம் வந்தால் ஒரு பெருமூச்சு விட்டு, "நான் பழசு ஒண்டையும் மனசில வச்சுக்கிறதில்ல கைறு" என்பான். அதற்குப் பிறகு அவள் என்ன பேச? பிள்ளை குட்டி இல்லை. பிரக்கிராசி கந்தோர்க் காணி உறுதிப் பத்திரங்களை வீட்டுக்குக் கொண்டு வருவான், ராத்தா டைப் அடித்துக் கொடுப்பாள். எனக்கு டைப்பிங்கும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லித் தந்தது அப்போதுதான்.

பெட்டிசத்தின் நகலைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். ஒன்பது வருடத்தில் எத்தனை தரம் வாசித்திருப்பாளோ, முழுவதும் மனப்பாடம். பதினொரு வசனம். ஒவ்வொன்றிலும் ஒரு மரபுப் பேச்சு, தைத்து ஒட்டியதுபோல. "இப்படி இங்கிலீஷ்ல ஒருத்தனும் பேச மாட்டான் ஹமீமா. இது யாருண்டு தெரிஞ்சா அந்தக் கைவிரல ஒண்டொண்டா முறிப்பேன்" என்பாள். கூடப் படித்தவள் ஒருத்தியைச் சந்தேகப்பட்டாள், பிறகு அதே வேலைக்கு மனுப்போட்ட இன்னொருத்தியை. பாவம், அந்த இருவரையும் தொழுகைப் பாயிலிருந்தே சபித்தாள்.

1966இல் ஒரு நாள், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் வாடகைக்கு இருந்த மாணிக்கவாசகம் மாஸ்டர் ஒரு நோட்டுக் கொப்பியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டியூஷன் கொடுத்துப் பிழைப்பவர், இங்கிலீஷ் மரபுப் பேச்சுகள் எங்கே பிறந்தன என்று தேடுவதில் பைத்தியம். அகராதி வரிசையில் இருநூறு பேச்சு, ஒவ்வொன்றுக்கும் பொருளும் பிறந்த கதையும் எழுதி வைத்திருந்தார். ஸ்டென்சில் அடிக்க வேண்டும் என்றார். ரவூப் வழக்கு ஒன்றுக்காகக் கண்டிக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கொப்பி உள்ளே வந்திருக்காது.

ராத்தா அடிக்க உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏ எழுத்தில் கோடரி. ஒருவன் தன் கோடரியைத் தீட்டிக்கொள்ள ஒரு பையனைப் புகழ்ந்து புகழ்ந்து சாணைக்கல்லைச் சுற்றவைத்துவிட்டு, தீட்டி முடிந்ததும் ஏசித் துரத்தினானாம். பீ எழுத்தில் குருட்டுக் கண். திரும்பி வா என்று காட்டிய கொடியைப் பார்க்க விரும்பாத கடற்படைத் தளபதி, தூரக்கண்ணாடியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்தானாம். சீ எழுத்தில் முதலை. இரையைத் தின்னும்போது அது கண்ணீர் வடிக்கும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம்பினார்களாம். முதலைக்கு வந்ததும் ராத்தாவின் கை நின்றுவிட்டது. கொப்பியை என் மடியில் வைத்து, அதைப் பார்க்காமல், பெட்டிசத்தை வாய்ப்பாடாகச் சொல்ல ஆரம்பித்தாள். கோடரி, குருட்டுக் கண், முதலை, கறுப்புக் குதிரை, கூட்டுக்குச் சேர்க்கிற இறகு என்று அவள் சொல்லச் சொல்ல நான் பக்கத்தைப் புரட்டினேன். ஓர் எழுத்தும் முன்பின்னாக மாறவில்லை. கடைசியில் டபிள்யூ எழுத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் வரைக்கும் அதே வரிசை, மாஸ்டர் எழுதியிருந்த அதே வார்த்தைகள்.

மறுநாளே மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். கொப்பியைக் காட்டி, இதை யாருக்குப் படித்துக் கொடுத்தீர்கள் என்று ராத்தா கேட்டாள்.

"உந்தக் கொப்பியை நான் எழுதினது ஐம்பத்தாறாம் ஆண்டு பிள்ளை. கிளறிக்கல் சோதனைக்கெண்டு ஒரே ஒரு பொடியனுக்குத்தான் படிப்பிச்சனான். அதுக்குப் பிறகு கொப்பியைத் திறக்கேல்லை."

"யாரு மாஸ்டர் அது?"

"உமக்குத் தெரியாதே? உம்மட மனுசன் ரவூப்தான்! மூண்டு தரம் சோதனை எடுத்து மூண்டு தரமும் கோட்டை விட்டவன். ஆனா ஏயில இருந்து சொல்லத் தொடங்கினானெண்டால் நிப்பாட்டேலாது. நடுவில ஒண்டைக் கேட்டால்தான் முழிப்பான். திரும்ப ஏயில இருந்து வந்தால்தான் அவனுக்கு அது கிடைக்கும்."

மாஸ்டர் பாசத்தோடு சிரித்தார். ராத்தாவும் சிரித்தாள். வீதியில் இறங்கியதும், "இண்டைக்கே அவன்ட முகத்தில காறித் துப்புங்க ராத்தா" என்றேன். "அவசரப்படாத. அவனுக்கு வரிசதானே பழக்கம். வரிசையாவே போவோம்" என்றாள்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டில் ஆணம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கோடரி தீட்ட வேண்டி இருக்குண்டு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, அது எங்கேயிருந்து வந்த பேச்சு?" ரவூபுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாணைக்கல் கதையை விலாவாரியாகச் சொன்னான். மறுநாள் குருட்டுக் கண். அதையும் சொன்னான், ஆனால் சுருக்கமாக. மூன்றாம் நாள், "முதல ஏன் அழுவுது?" என்றாள். அவன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டு போகாமல் அவளைப் பார்த்தானாம். அவள் அப்பளத்தை எடுத்து வைத்தாளாம். நான்காம் நாள் கறுப்புக் குதிரைக்குத் தெரியாது என்றான். ஐந்தாம் நாள் கந்தோரில் வேலை என்று சாப்பிட வரவில்லை. பின்னேரம் தேநீரோடு கேட்டாள். ஆறு, ஏழு என்று ஒரு நாளும் விடவில்லை. கோபப்பட்டுக் கேட்டிருந்தால் அவனும் கத்தித் தப்பியிருப்பான். அவள் ஒரு மாணவி மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

எட்டாவது வசனம் எது என்று அவனுக்குத் தெரியும். ஒரு பெண்ணைப் பற்றி, 'அவள் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் நல்லவள் அல்ல' என்று வெள்ளைக்காரர் சொல்கிற வசனம் அது. எட்டாம் நாள் அவள் கோப்பையை வைத்து வாயைத் திறக்குமுன்னே உடைந்துவிட்டான்.

"போதும் கைறு. நான்தான். கண்டியில ஒருத்தன்ட டைப் அடிப்பிச்சேன். நீ வேலைக்குப் போனா என்னய மாதிரி ஒருத்தன பாக்கவே மாட்டாய். ஒன் மேல உள்ள ஆசையிலதான்..."

"ஆசைக்கு அந்தப் பட்டியல்ல ஒரு வசனமும் இல்லயே" என்றாளாம் ராத்தா. அழுதான், காலில் விழப் பார்த்தான். "என்ட்ட சொல்லி என்ன பிரயோசனம்? கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ராத்தா விவாகரத்துக் கேட்டு, எங்கள் கல்யாண வழக்குகளைத் தீர்க்கிற காழியார் வீட்டில் ஒரு ஞாயிறு காலை விசாரணை. காழியாரும் மூன்று ஜூரிமாரும், பெரியவாப்பா, மாமி, ரவூப், சாட்சிக்கு மாஸ்டர், ராத்தாவோடு நான். சத்தமில்லாமல் பிரிந்து போகலாமே, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஜூரி ஒருவர் புத்தி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மானம் ஒன்பது வருடம் தெருவில் கிடந்தபோது இந்தப் புத்தி எங்கே போயிருந்தது?

"எனக்கு வேற ஒண்டும் வேணாம் ஹஸரத்" என்றாள் ராத்தா. "இத எழுதினவரே சபையில தமிழ்ல வாசிக்கட்டும்."

காழியார் தலையாட்டினார். ரவூப் எழுந்து நின்று வாசித்தான். இவளிடம் தீட்டக் கோடரி இருக்கிறது. அதிகாரிகள் இவளுக்குக் குருட்டுக் கண்ணைத் திருப்புகிறார்கள். இவள் வடிப்பது முதலைக் கண்ணீர். இவள் ஒரு கறுப்புக் குதிரை. தன் கூட்டுக்கு இறகு சேர்க்கிறாள். சிங்கத்தின் பங்கை எடுக்கிறாள் என்ற இடத்தில் ஜூரி ஒருவர் அடக்க முடியாமல், "இது தெஹிவள மிருகக்காட்சிச்சாலைக்கு எழுதின பெட்டிசமா தம்பி?" என்றார். சபை சிரித்தது. பெரியவாப்பா மட்டும் சிரிக்கவில்லை. காதைக் கொடுத்து, பயங்கரமான அந்த வார்த்தை வரும் வரும் என்று காத்திருந்தார்.

எட்டாவதும் வந்தது. "இதில என்ன குத்தம்?" என்று காழியார் கேட்டார். ராத்தா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எழுந்தார்.

"முன்னூறு வருசத்துக்கு மேல பழசு ஐயா. ஒரு பொம்பிளையைக் கெட்டவள் எண்டு நேர சொல்லத் துணிவில்லாதவை சொல்லுறது. சொன்னவனைப் பிடிக்கேலாது, சொன்னது மட்டும் அவளில ஒட்டிக்கொண்டு நிக்கும். இவனுக்கு அதைப் படிப்பிச்சவன் நான்தான். அதுக்கு நான் வெக்கப்படுறன்."

"அந்தக் கருத்திலதான் எழுதினீங்களா?" என்று காழியார் ரவூபைக் கேட்டார். ஆம் என்றான். "அப்ப அந்தக் கருத்த தமிழ்ல சொல்லுங்க." ரவூப் தன் உம்மாவைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். ஒன்பது வருடம் தனக்குச் சமைத்துப் போட்டவளைப் பற்றி, அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னான். ஸைனம்பு மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, அதுபோல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

மிச்ச மூன்றையும் வாசித்து முடித்தான். பெரியவாப்பா மெல்ல எழுந்து, "ஆம்பிள பேர்?" என்று கேட்டார். காழியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரா? இதில ஒரு பேரும் இல்லயே மீராசாஹிபு காக்கா." பெரியவாப்பா உட்கார்ந்துவிட்டார்.

ராத்தாவுக்கு விடுதலை கிடைத்தது. பிரக்கிராசி அந்த மாதமே ரவூபை நிறுத்தினார். மொட்டைப் பெட்டிசம் எழுதுகிற கிளார்க்கை எந்தக் கந்தோர் வைத்திருக்கும்? அவன் எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரணை முடிந்த அன்றே காழியார் வீட்டு வாசலில் பெரியவாப்பா ராத்தாவின் முன்னால் வந்து நின்றார்.

"மகள், வீட்டுக்கு வா."

"ஒங்களுக்கு ஒரு கடிதம் தாறேன் வாப்பா" என்றாள். அன்று பின்னேரமே என் முன்னால் இருந்து டைப் அடித்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி. என் கையில் கொடுத்து அனுப்பினாள். பெரியவாப்பா வழக்கம்போலக் கையைக் கழுவித் துடைத்து வாங்கினார்.

அடுத்த வருடம் ராத்தாவுக்கு மறுபடி நியமனம் கிடைத்து, இரத்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படிப்பித்தாள். பெரியவாப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு வருடம் திரிந்தார். இங்கிலீஷுக்கென்று அவர் நம்பிய ஒரே ஆள் ரவூப், அவனும் இப்போது இல்லை. தபால் கந்தோர் வாசல் வரைக்கும் போவார், திரும்புவார். மகள் தன்னை என்ன சொல்லி எழுதியிருப்பாளோ, அதை அந்நியன் வாயால் கேட்பதா என்ற பயம். ஒருமுறை பஸ் ஏறி இரத்தோட்டைக்கே போனார். பள்ளிக்கூட வாசலில் நின்று, நல்லா இருக்கியா மகள் என்று கேட்டு, ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். கடிதம் பைக்குள் துருத்திக்கொண்டு இருந்ததாம். ராத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவர் அதை எடுக்கவில்லை, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க அவளுக்குக் காய்ச்சல்.

1971இல், மௌத்தாவதற்கு ஒரு மாதம் முன்னால், என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. மடித்து மடித்துக் கிழியப்போகிற தாளை நீட்டினார்.

"ஹமீமா, ஒனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும்தானே. அவ இதில என்ன எழுதி இருக்கா?"

எனக்கு வாசிக்கவே தேவையில்லை. அடித்த அன்றே ராத்தா அதைத் தமிழில் சொல்லியிருந்தாள். 'இதை என்னிடம் கொண்டு வந்து, மகள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்ட அன்றைக்கே நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. போய் மகளிடம் கேளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றே பஸ் ஏறியிருப்பார்.

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது பெரியவாப்பா" என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சொல்லாதே என்று ராத்தா என்னை ஒருநாளும் தடுக்கவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை.